நான்கு தந்தியும் ஆறு தந்தியும்

1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குப்பைத் தொட்டிக்குள் கிடந்த சின்ன மின்சுற்றுப் பலகையை குயீன் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். யாரோ வீசியெறிந்த பலகையில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர். புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதைப் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்தார். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூட அதில் கிடையாது. வீட்டில் சாதகம் செய்ய ஒரு ஆம்ப்ளிஃபயர் ஆயிற்று என்பதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதில் தன் கிட்டாரைச் செருகிப் பார்த்த, அதே குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, அதற்குப் பிறகு அதை விடவேயில்லை.

குயீன் குழுவின் இசைத்தட்டுகளில் வயலின் கூட்டம் போலவும் ஊதுகுழல்கள் போலவும் ஒலிக்கும் பல இடங்கள் இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. 1975-ல் வெளியான 'எ நைட் அட் தி ஆபரா' தொகுப்பில் 'குட் கம்பெனி' என்றொரு பாட்டு உண்டு. அதில் கிளாரினெட், டிரம்போன் என ஒரு பழைய பாணி ஜாஸ் குழுவே வந்து வாசிப்பதுபோல் கேட்கும். அத்தனையும் மேயின் கிட்டார். ஒவ்வொரு கருவியின் மூச்சையும் தனித்தனியாக வாசித்து, அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். அந்தக் கிட்டாரும் கடையில் வாங்கியதல்ல. 1963-ல் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது, அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தையும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகளையும் அம்மாவின் பின்னல் ஊசி முனையையும் கொண்டு உருவாக்கத் தொடங்கியது. வீட்டில் செய்த கிட்டார், அதன் குரலை வெளியே கொண்டுவர பேஸ் வாசிப்பவர் செய்து கொடுத்த பெட்டி. ராக் இசையில் இரண்டு கலைஞர்களுக்கு இடையிலான உறவை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் பொருள் வேறொன்று இல்லை.

ராக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது பாடகரையும் கிட்டார் கலைஞரையும் சேர்த்துச் சொல்வதே வழக்கம். ஜாகர்–ரிச்சர்ட்ஸ், பிளாண்ட்–பேஜ், மாரிசி–மார். பேஸும் டிரம்ஸும் சேர்ந்து இன்னொரு ஜோடி. 'ரிதம் செக்‌ஷன்' என்று அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். கிட்டாரையும் பேஸையும் ஒரு ஜோடியாக வைத்துப் பேசுவது அபூர்வம். ஆனால் ஒரு குழுவின் ஒலிக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம், நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்பதெல்லாம் இந்த இருவருக்கும் இடையில்தான் முடிவாகிறது.

கிட்டாரின் ஆறு தந்திகளில் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதி, 41 முறை. சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951-ல் தன் மின்சார பேஸைச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை, அந்த மந்திர ஸ்தாயிக்கு ஆளுயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவும் செய்யாது. மின்சார பேஸ் வந்த பிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. அறுபதுகளின் கையடக்க ரேடியோக்களின் சின்ன ஸ்பீக்கர்கள் அந்த 41 அதிர்வுகளை விழுங்கிவிடும். இசைத்தட்டில் இருந்ததை ஒரு தலைமுறை பாதிதான் கேட்டது. தமிழ் ரசிகர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. எண்பதுகளின் இளையராஜா பாடல்களை டீக்கடை ரேடியோவில் கேட்டே வளர்ந்தவர்கள், பின்னாளில் நல்ல ஹெட்ஃபோனில் கேட்கும்போது பல்லவிக்குக் கீழே இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருந்ததைக் கண்டு வியக்கிறார்கள்.

கிட்டார் மேலே பறக்கும், பேஸ் டிரம்ஸோடு சேர்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் பொது ஏற்பாடு. நல்ல குழுக்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஏற்பாட்டுக்குள் நின்று நல்ல பாடல்களைத் தந்திருக்கின்றன. நினைவில் நிற்கும் ஜோடிகளோ பெரும்பாலும் இந்த ஏற்பாடு உடைந்த இடத்தில் பிறந்தவை. உடைத்தது திட்டமோ கொள்கையோ அல்ல, ஏதாவது ஒரு குறை. விரல் இல்லாத குறை, தாளம் நிற்காத குறை, நல்ல ஸ்பீக்கர் வாங்கக் காசில்லாத குறை.

மேற்கு லண்டனின் ஆக்டன் பகுதியில் ஜான் என்ட்விசில் என்ற பையன், தானே செய்த பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துபோனான். அவனை நிறுத்தி, தன் குழுவில் சேர்கிறாயா என்று கேட்டவர் ரோஜர் டால்ட்ரி. சேர்ந்த என்ட்விசில் கொஞ்ச நாளில் தன் பள்ளித்தோழன் பீட் டவுன்ஷெண்டையும் அழைத்துவந்தார். அதற்கு முன்பே இருவரும் ஒரு ஜாஸ் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். டவுன்ஷெண்ட் பாஞ்சோ, என்ட்விசில் டிரம்பெட். 'தி ஹூ' குழுவின் கிட்டார் கலைஞரைக் கொண்டுவந்து சேர்த்தவர் அதன் பேஸ் கலைஞர்தான்.

அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன், தாளத்தைக் காத்து நிற்கும் ரகம் அல்ல. பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்வதுபோல டிரம்ஸ் முழுக்க உருண்டு புரளுவார். அப்படியானால் காலப்பிரமாணத்தை யார் பிடிப்பது? டவுன்ஷெண்ட் பிடித்தார். காற்றாலை போலக் கையைச் சுழற்றி அவர் கார்டுகளை அடிப்பதை மேடை வித்தையாக மட்டும் பார்த்தவர்கள் அதிகம். மூனின் வெள்ளத்துக்கு நடுவில் மொத்தக் குழுவையும் கட்டி வைத்திருந்த தாளம் அந்தக் கையில்தான் இருந்தது. கிட்டார் தரைக்கு இறங்கியதால் பேஸுக்கு மேலே இடம் கிடைத்தது. சின்ன வயதில் ஃபிரெஞ்சு ஹார்ன் பயின்ற என்ட்விசில், ஊதுகருவிக்குரிய நீண்ட வரிகளை அந்த இடத்தில் வாசித்தார். 1965-ல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில், வழக்கமாகக் கிட்டார் சோலோ வரவேண்டிய இடம் பேஸுக்குக் கொடுக்கப்பட்டது. ராக் இசைத்தட்டுகளில் பேஸ் தனியாக முன்னுக்கு வந்து பேசிய மிக ஆரம்பத் தருணங்களில் அது ஒன்று.

அந்த சில நொடிகளுக்காக என்ட்விசில் பட்ட பாடு கொஞ்சமல்ல. டானெலெக்ட்ரோ பேஸின் மெல்லிய தந்திகள் தரும் கூர்மையான ஒலி அவருக்கு வேண்டியிருந்தது. தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி லண்டனில் கிடைக்காது. தந்திக்காகவே இன்னொரு கிட்டார் வாங்க வேண்டும். அதுவும் அறுந்து தீர்ந்தபின், கடைசியில் ஃபெண்டர் பேஸில் வாசித்துப் பதிவை முடித்தார். மறு ஆண்டே ரோட்டோசவுண்ட் என்ற தந்தி நிறுவனத்தோடு உட்கார்ந்து, பியானோவின் தடித்த தந்தியைப் போல மணியோசை தரும் பேஸ் தந்திகளை உருவாக்க வைத்தார். இன்று உலகெங்கும் பேஸ் கலைஞர்கள் அந்த வகைத் தந்திகளையே அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இருவருக்கும் இடையே போட்டியும் இருந்தது. ஹான்வெல்லில் இருந்த ஜிம் மார்ஷலின் கடையில் என்ட்விசில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வாங்கினார். தன் ஒலி அமுங்குகிறதே என்று டவுன்ஷெண்ட் அதைவிடப் பெரிதாகக் கேட்டார். இவர் ஒன்று வாங்க, அவர் இரண்டு வாங்க, பெட்டியின் மேல் பெட்டி ஏறியது. ராக் மேடைகளின் பின்னணியில் சுவராக எழுந்து நிற்கும் அந்த மார்ஷல் அடுக்குகளுக்கு இந்த இரண்டு நண்பர்களின் பிடிவாதமும் ஒரு காரணம். 1976 மே 31 அன்று லண்டனின் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் அவர்கள் எழுப்பிய 126 டெசிபல் ஒலி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிற்காலத்தில் இருவருமே செவித்திறன் குறைந்துதான் வாழ வேண்டியிருந்தது. அந்தச் சாதனையைப் பெருமையாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது சரியாகாது.

என்ட்விசில் 2002 ஜூன் 27 அன்று, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகஸ் ஓட்டல் அறையில் இறந்தார். சில நாட்களிலேயே பீனோ பல்லடீனோ என்ற தேர்ந்த கலைஞரைச் சேர்த்துக்கொண்டு பயணம் தொடர்ந்தது. பல்லடீனோவின் வாசிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கிட்டாருக்கு மேலே ஏறிப் பேசும் பேஸ் அதன் பிறகு அந்த மேடையில் இல்லை.

லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் வேறு வகை. அறுபதுகளில் லண்டன் ஸ்டூடியோக்களில் யார் கூப்பிட்டாலும் போய் வாசித்துவிட்டு வரும் தொழில்முறைக் கலைஞர்களாக இருவரும் இருந்தார்கள். அந்த ஸ்டூடியோ ஒழுக்கம் அவர்களிடம் கடைசிவரை இருந்தது: எங்கே நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். பேஜின் பெயரிலேயே பலரும் நினைத்துக்கொள்ளும் 'பிளாக் டாக்' பாட்டின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் இசை வரியை, உருவாக்கியவர் ஜோன்ஸ்தான். அதை இங்கே சொல்லி வைப்பது நியாயம்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு ஜோடி உண்டு. கிரீம் குழுவின் எரிக் கிளாப்டனும் ஜாக் புரூஸும். கிளாஸ்கோவில் செல்லோ படித்த புரூஸுக்குப் பின்னணியில் நிற்கும் சுபாவமே கிடையாது. டிரம்ஸில் ஜிஞ்சர் பேக்கரும் அதே மாதிரி. மேடையில் மூவரும் ஒரே நேரத்தில் சோலோ வாசித்தார்கள். ஒரு கச்சேரியில் தான் வாசிப்பதை நிறுத்திப் பார்த்ததாகவும் மற்ற இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை என்றும் கிளாப்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966-ல் தொடங்கிய குழு 1968 நவம்பரில் கலைந்தது. நெருப்பாக எரிந்தது இரண்டரை ஆண்டுகள்கூட இல்லை. ஆனால் பேஸ் வாசிப்பவர் இப்படியும் தலைநிமிரலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியவர் புரூஸ். அவரைப் பார்த்து, ரிதம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு பேஸை எடுத்தவர்களில் ஒருவர் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த கீசர் பட்லர்.

அதே ஆஸ்டனில், டோனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞர் தகரத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இசைக்குப் போக முடிவு செய்திருந்தார். வேலையின் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். அன்று வராத ஒருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தப்பட்டார். தகட்டை வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. ஐயோமி இடக்கைப் பழக்கக்காரர். அதாவது, தந்திகளை அழுத்திச் சுரம் பிடிக்கும் கை அவருக்கு வலது கை.

தொழிற்சாலையின் மேலாளர் அவரைப் பார்க்க ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. 1928-ல் வண்டிவீடு தீப்பிடித்ததில் கை கருகி, இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞரானவர். ஐயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, விரலுக்குப் பொருந்தும்படி குடைந்து, நுனியில் பழைய தோல் துண்டை ஒட்டினார். தையற்காரரின் விரலுறை மாதிரி இரண்டு தொப்பிகள். அவற்றை மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது தந்தி விரலுக்குத் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனமான தந்திகளை அழுத்த முடியவில்லை; மெல்லிய கிட்டார் தந்திகள் அப்போது கடைகளில் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளை வாங்கிப் பூட்டினார். 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் தந்திகளின் சுருதியையே ஒன்றரைச் சுரம் இறக்கிவிட்டார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வேலை குறைந்தது, ஒலி இருண்டது.

ஆறு தந்திகளையும் சேர்த்துப் பிடிக்கும் முழுக் கார்டுகள் அந்த விரல்களுக்குக் கடினம். அதனால் ஐயோமி இரண்டே சுரங்களை அதிகம் நம்பினார்: சட்ஜமும் பஞ்சமமும். மேற்கில் அதற்குப் பெயர் பவர் கார்ட். கார்டுக்கு மகிழ்ச்சியா துயரமா என்று குணத்தைக் கொடுப்பது காந்தாரம். அது இல்லாததால் பவர் கார்டு கல் போல நிற்கும். இன்ன உணர்ச்சி என்று சொல்லாது. நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்தைத்தான் பட்லர் கண்டுகொண்டார்.

பட்லர் பேஸுக்கு மாறியதற்குப் புரூஸ் மட்டும் காரணமல்ல; இருவரும் சேர்ந்த 'பிளாக் சாபத்' குழுவில் இரண்டாவது கிட்டார் வேண்டாம் என்று ஐயோமியும் சொல்லியிருந்தார். பேஸ் வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. எனவே ஐயோமியின் ரிஃபை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே கூட வாசிக்கத் தொடங்கினார். இதை மட்டும் செய்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். பட்லரின் இடது கையைக் கவனித்தால் விஷயம் புரியும். ஐயோமி ஒரு சுரத்தை வளைக்கும்போது பட்லரும் வளைக்கிறார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல, தடித்த பேஸ் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி, மேலே கிட்டார் போய்ச் சேரும் அதே இடத்துக்குக் கீழிருந்து தானும் போய்ச் சேர்கிறார். இரண்டு கருவிகளும் இம்மி பிசகாமல் ஒன்றாக வளைவதில்லை. ஒன்று முன்னே, ஒன்று சற்றே பின்னே. அந்த நூலிழை வித்தியாசத்தில்தான் அந்தக் கனம் பிறக்கிறது. ஆம்பை எவ்வளவு திருகினாலும் தனி ஆளாக ஒருவரால் அதை உண்டாக்க முடியாது.

ஐயோமி சோலோவுக்குப் போகும்போது நடப்பது இன்னும் முக்கியம். மேடையில் கூட வாசிக்க வேறு கிட்டார் இல்லை. பட்லர் ரிஃபை விட்டுவிட்டு ஓடத் தொடங்குவார். இடைச்சுரங்களைத் தொட்டு, விடுபட்ட காந்தாரத்தைத் தானே கொடுத்து, கிட்டார் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் விளக்கேற்றிவிடுவார். சோலோ முடிந்து ஐயோமி திரும்பும்போது பட்லர் ரிஃபில் காத்திருப்பார். நேரடிப் பதிவுகளில் இதை மறுபடி மறுபடி கேட்கலாம்.

குழுவின் பெயரையே தாங்கிய 'பிளாக் சாபத்' பாட்டு பிறந்த விதமும் இதே கதைதான். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் கிரகங்களைப் பற்றி எழுதிய சிம்பொனித் தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதி பட்லருக்குப் பிடிக்கும். ஒத்திகையில் அதை பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஐயோமி மூன்றே சுரங்களோடு வந்தார்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். கர்நாடக இசைக் காதுக்குப் பிரதி மத்யமம் கல்யாணியின் ஒளி. பஞ்சமத்தின் ஆதரவில்லாமல், மெதுவாக, அத்தனை எடையோடு அதை வாசித்தால் அச்சம் வரும் என்பதை அந்த மூன்று சுரங்கள் காட்டின. ஹெவி மெட்டல் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைவகைக்கே அது வாசல். திறந்தவர் யார் என்று கேட்டால் இருவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

அந்த முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. அதில் 'என்.ஐ.பி.' பாட்டுக்கு முன்னால் பட்லர் தனியாக வாசிக்கிறார். வா-வா பெடலின் வழியாக பேஸ் மனிதக் குரல் போல முனகிவிட்டு, பிறகு ரிஃபை எடுத்துக்கொடுக்கிறது. கிட்டார் வந்து சேர்ந்துகொள்கிறது. யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. குழுவின் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவரும் பட்லர்தான். தொடக்க காலத் தொகுப்புகளில் பாடல்களை ஆக்கியவர்கள் என்று நால்வர் பெயரும் அச்சாகியிருக்கும். 2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் அசல் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தபோது ஐயோமிக்கு 77 வயது, பட்லருக்கு 75. வாசித்த நான்கு பாடல்களில் 'என்.ஐ.பி.'யும் ஒன்று. பாடகர் ஓசி ஆஸ்போர்ன் அதே மாதம் 22 அன்று காலமானார்.

மான்செஸ்டருக்குப் போனால் கதை தலைகீழாகிறது. 1976 ஜூன் 4 அன்று அங்கே ஒரு சிறிய அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நடத்திய கச்சேரிக்கு சால்ஃபர்ட் பள்ளித்தோழர்களான பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் போயிருந்தார்கள். சம்னரிடம் ஏற்கெனவே கிட்டார் இருந்தது. எனவே ஹுக் மறுநாளே 35 பவுண்டுக்கு ஒரு பேஸ் வாங்கினார். ஒத்திகையில் சம்னரின் ஆம்ப் அலறும். ஹுக்கின் மலிவு ஸ்பீக்கரில் கீழ்ச்சுரங்கள் கூழாகிப் போய், தான் வாசிப்பது தனக்கே கேட்காது. கேட்க வேண்டுமானால் கழுத்தின் மேல்பகுதிக்குப் போய் மெல்லிய தந்திகளில் வாசிப்பதுதான் வழி. அப்படி வாசித்தபோது பாடகர் இயன் கர்ட்டிசுக்கு அது பிடித்துப்போனது. அப்படியே வாசி என்றார்.

காசில்லாததால் வந்த அந்தப் பழக்கம் 'ஜாய் டிவிஷன்' குழுவின் அடையாளமே ஆகிவிட்டது. மெட்டு பேஸுக்குப் போனதால் சம்னரின் கிட்டாருக்கு அளந்து பேசும் சுதந்திரம் வந்தது. நாலு கீறல், ஒரு மௌனம், மறுபடி கீறல். அடியில் யாரும் இல்லாத அந்தக் குளிர்ச்சியான பள்ளம் 1979-ன் 'அன்னோன் பிளெஷர்ஸ்' தொகுப்பு முழுக்க இருக்கிறது. 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டில் கர்ட்டிசின் குரல் எந்த வழியில் போகிறதோ அதே வழியில்தான் ஹுக்கின் பேஸும் போகிறது. கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று தன் 23-வது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்கள் 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கீழ் ஸ்தாயியை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டதால், ஹுக் இன்னும் உயரத்தில் நின்று பாடலாயிற்று.

அவர்கள் பிரிந்த விதம் வருத்தம் தருவது. 2007-ல் ஹுக் விலகினார். மற்றவர்கள் அவர் இல்லாமல் அதே பெயரில் வாசித்தார்கள். வழக்கு நீதிமன்றம்வரை போய் 2017-ல் சமரசமாக முடிந்தது. இருபது வயதிலிருந்து ஒரே அறையில் ஒருவர் இரைச்சலுக்கு ஒருவர் வழிவிட்டு ஒரு மொழியையே உண்டாக்கியவர்கள், வக்கீல்கள் மூலம் பேசிக்கொள்ள வேண்டிவந்தது.

அதே ஊரின் இன்னொரு ஜோடி ஜானி மாரும் ஆண்டி ரூர்க்கும். பதினோரு வயதில் பள்ளியில் சந்தித்தவர்கள். ரூர்க்கும் கிட்டார்தான் வாசித்தார். மார் சொல்லி பேஸுக்கு மாறினார். 'தி ஸ்மித்ஸ்' தொடங்குமுன் இருவரும் ஃபங்க் இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது கேட்டால் தெரியும். 1985-ன் 'பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்' பாட்டில் ரூர்க்கின் விரல்கள் ஆட்டத்துக்கு அழைக்கின்றன. மார் சோலோ வாசிக்க விரும்பாதவர். தனித்தனித் தந்திகளாக மீட்டி, மழைச்சாரல் மாதிரி ஒரு பரப்பை எழுப்புவார். கிட்டார் தன் பெருமையை முன்னிறுத்தாத இடத்தில், பேஸ் ஒரு முழுப் பாட்டையே தனியாகப் பாடிவிட்டுப் போகிறது. 'திஸ் சார்மிங் மேன்' பாட்டில் கிட்டாரை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்தால், முணுமுணுக்கத் தகுந்த இன்னொரு பாட்டு கிடைக்கும்.

இந்த ரூர்க்குக்கு என்ன கிடைத்தது? பாடல்களை ஆக்கியவர்கள் என்று மாரிசி, மார் இருவர் பெயர் மட்டுமே அச்சானது. இசைத்தட்டு, கச்சேரி வருவாயிலும் ரூர்க்குக்கும் டிரம்ஸ் கலைஞர் மைக் ஜாய்சுக்கும் ஆளுக்கு 10 சதவீதம்தான். ஜாய்ஸ் வழக்குப் போட்டு, 1996-ல் சமபங்கான 25 சதவீதத்தைத் தீர்ப்பாகப் பெற்றார். பணமுடையில் இருந்த ரூர்க்கோ அதற்கு முன்பே 83,000 பவுண்டையும் அதே 10 சதவீதத்தையும் ஏற்றுக்கொண்டு ஒதுங்கியிருந்தார். வரியையும் மெட்டையும் எழுதியவரே ஆக்கியவர் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒரு பாட்டைக் கேட்டதும் இன்ன குழு என்று அடையாளம் காட்டும் பேஸ் வரிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பிளாக் சாபத்தும் ஜாய் டிவிஷனும் நால்வர் பெயரையும் போட்டுக் காட்டிய வழி திறந்தே இருந்தது. மற்றவர்களும் அதில் நடந்திருக்க வேண்டும்.

நட்பு என்னவோ தப்பிப் பிழைத்தது. 2022-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் மார் வாசித்தபோது ரூர்க்கும் வந்து சேர்ந்துகொண்டார். கணையப் புற்றுநோயால் அவர் 2023 மே 19 அன்று 59 வயதில் இறந்தார்.

இத்தனை ஜோடிகளில் முதலிடம் யாருக்கு என்றால் ஐயோமி–பட்லருக்குத்தான். மற்ற ஜோடிகள் தங்கள் குழுவுக்கு ஒரு ஒலியைத் தந்தன. இந்த ஜோடி அரை நூற்றாண்டாக உலகின் எந்த மூலையில் ஒரு மெட்டல் குழு தொடங்கினாலும் அது கற்க வேண்டிய முதல் பாடத்தைத் தந்தது. என்ட்விசில்–டவுன்ஷெண்ட் அடுத்த இடம். இந்த வரிசையை மறுப்பவர்கள் இருப்பார்கள். மறுக்குமுன் ஒவ்வொரு ஜோடியிலும் இருவரையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்தால் நல்லது.

கேட்பதற்கு ஒரு வழி சொல்லலாம். லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 1970 பிப்ரவரி 14 அன்று 'தி ஹூ' வாசித்த கச்சேரி 'லைவ் அட் லீட்ஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஸ்டீரியோ பதிவில் பேஸ் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமுமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் தடவை கிட்டார் பக்கத்து இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, அடுத்த தடவை பேஸ் பக்கத்தைக் கழற்றிவிட்டு, மூன்றாவது தடவை இரண்டையும் மாட்டிக்கொண்டு. செல்ஃபோனின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸின் அடித்தந்தி அதில் கேட்காது.